ஏரிக்கு மூன்று படகுகள்

ஏழு நாள். ஏழு நாளை நாலாக மடக்கினால் மிச்சம் மூன்று நாள் எங்கே போகும்? மூஸ் மான் வேட்டைக்குப் போகும். எங்கள் ஊர் பூடனில், வீட்டு வாசலில் அவன் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவான், அதற்குப் போகும். என் மூன்று நாள். நான் சேர்த்துவைத்த விடுமுறையிலிருந்து, என் காலிலிருந்து எடுத்த மூன்று நாள். இன்றைக்கு மறுபடியும் கேட்டால் சொல்லிவிடுகிறேன். கேட்கட்டும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

சதுப்பு நிலத்தின் மேல் போட்டிருந்த பலகைப் பாதையில், ஒரு பலகைக்கு ஒரு சொல்லாக மாரிட் இதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தாள். முன்னால் அவள் கணவன் ஹோகனின் சிவப்பு முதுகுப்பை ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. தெற்கே ஹெமவானில் கிளம்பிய நாளிலிருந்து இருபத்தொரு நாளாக அந்தப் பையைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். அதில் எந்த வார் எங்கே நைந்திருக்கிறது என்பது மலைகளை விட நன்றாகத் தெரியும்.

ஹெமவானிலிருந்து வடக்கே அபிஸ்கோ வரை போகும் இந்த அரசர் பாதை முழுவதையும் ஒரே நடையில் நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவனுடையது அல்ல. இரண்டு கோடைகளின் விடுமுறையைச் சேர்த்துவைத்து, காலணி வாங்கி, ஒவ்வொரு நாளும் எந்தக் குடிலில் தங்குவது என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். தனியாகப் போவதாகத்தான் இருந்தது. ஏப்ரலில் ஹோகன் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றான். ஒரு காலை அந்தத் தாளைப் படித்துவிட்டு, "நானும் வர்றேனே," என்றான். அவள் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "நல்லதாப் போச்சு." அதைச் சொல்லும்படி யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

இந்த வருடம் வேட்டைக்குப் போவதில்லை என்றுதான் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை கைபேசிக்குச் சமிக்ஞை கிடைத்த இடத்தில் செய்தி வந்தது. வேட்டைக் குழுவின் தலைவர் எவர்ட்டுக்குக் கால் முறிவு. அடுத்த திங்கட்கிழமை வேட்டை தொடங்குகிறது. ஆள் குறைகிறது. அன்று மாலையே கேட்டான்: கடைசி ஏழு நாள் நடையை நாலு நாளில் முடித்து, சனிக்கிழமை அபிஸ்கோவில் ரயில் பிடித்தால் என்ன? அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் என்றாள். நேற்று இரவும் கேட்டான். நேற்றும் பார்க்கலாம் என்றாள்.

பாதை இறங்கி ஏரிக்கரைக்கு வந்தது. கரையில் இழுத்துவைத்திருந்தது ஒரே ஒரு படகு.

"ஒண்ணுதான் இருக்கு," என்றான் ஹோகன்.

"தெரியுது."

"அப்போ மூணு தடவை. உன் தலையெழுத்து." அறுவை சிகிச்சை செய்த தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினான்.

இந்த ஏரிக்கு மூன்று படகுகள். எந்த நேரத்திலும் இரண்டு கரையிலும் தலா ஒன்றாவது நிற்க வேண்டும். ஒரே படகு நிற்கும் கரைக்கு வந்து சேர்பவர் அதில் அக்கரை போய், அங்கிருந்து இன்னொன்றைக் கட்டி இழுத்து வந்து இங்கே விட்டுவிட்டு, மறுபடி அக்கரை போக வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு கிலோமீட்டர். காவலுக்கு யாரும் இல்லை. ஆனாலும் இந்தப் பாதையில் நடப்பவர்கள் வேறு எதில் ஏய்த்தாலும் இதில் ஏய்ப்பதில்லை. குடில் வடகரையில் இருக்கிறது. தென்கரையில் கூரை என்று சொல்ல ஒன்றுமில்லை. மழையில் நனைந்து வந்து காலிக் கரையில் நிற்க நேர்ந்தவர்களின் கதை எல்லாக் குடிலிலும் ஒன்று இருக்கும். குடில் பொறுப்பாளரின் மோட்டார் படகு ஒரு வாரமாக ஓடவில்லை என்று காலையில் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்கள்.

இருவரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டார்கள். ஹோகன் பின்பக்கம் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். அவள் துடுப்பை எடுத்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் அழுத்து. இன்னும். அவ்வளவு வேணாம்."

முப்பத்தெட்டு வருடம் இரும்புத்தாது ரயில் ஓட்டியவன். தண்டவாளம் இல்லாத இடத்தில் திசை சொல்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

"காத்து மேற்கேருந்து வருது," என்றான்.

"என் கன்னத்துலதான் அடிக்குது."

"சும்மா சொன்னேன்." பையின் வாரை இறுக்கினான். பிறகு, "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கிளம்பினா மத்தியானத்துக்குள்ள ஒரு குடிலத் தாண்டிடலாம். சாயந்திரம் ரெண்டாவதுக்குப் போயிடலாம். என்ன சொல்ற?"

இதோ, கேட்டுவிட்டான். சொல்.

"துடுப்பு போட்டுட்டு இருக்கேன் ஹோகன்."

"வாயாலயா போடற?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு அவனிடம் எரிச்சலான விஷயம். சொல்ல வேண்டியது தொண்டை வரை வரும், அவன் ஒன்று சொல்வான், சிரிப்பு முந்திக்கொள்ளும். சிரித்த வாயால் பிறகு எதைச் சொல்வது?

வடகரையில் இரண்டு படகுகள் இருந்தன. இவர்களுடையதோடு மூன்று. ஹோகன் தன் பையை மாட்டிக்கொண்டு அவள் பையை இடது கையில் தூக்கினான். அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"மேல வந்து காப்பி குடிச்சிட்டுப் போயேன்," என்றான்.

"உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன். போயிட்டு வந்துடறேன்."

"அதுவும் சரிதான்." குடிலை நோக்கி மேடேறிப் போனான்.

இழுத்துப் போக வேண்டிய படகில் இரண்டு மூன்று நாள் மழைத் தண்ணீர் நின்றது. வெட்டிய பிளாஸ்டிக் கேன் ஒன்றால் இறைத்தாள். இறைக்க இறைக்க முதுகு பிடித்துக்கொண்டது. கயிறு நனைந்து விறைத்து, முடிச்சு விழ மறுத்தது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். கிளம்பும்போது நிமிர்ந்து பார்த்தாள். குடிலின் ஜன்னலில் ஹோகன் கோப்பையோடு நின்று கையசைத்தான். அவளும் கையைத் தூக்கினாள்.

பின்னால் ஒரு காலிப் படகைக் கட்டிக்கொண்டு துடுப்பு போடுவது, நடக்க மறுக்கும் குழந்தையைக் கடைவீதியில் இழுத்துப் போவது போல. கயிறு தளரும், காலிப் படகு காற்றில் பக்கவாட்டில் ஒதுங்கும், பிறகு வெடுக்கென்று இழுக்கும். ஒவ்வொரு இழுப்பும் தோள்பட்டையில் வந்து முடியும். துடுப்பு மாட்டும் வளையம் ஒன்று தேய்ந்திருந்தது. பத்துத் தடவைக்கு ஒருமுறை துடுப்பு நழுவி முழங்காலில் இடித்தது. நேராக வைத்துப் போட்டாலும் காற்று கிழக்கே தள்ளியது. படகுத்துறைக்கு இருநூறு மீட்டர் தள்ளிப் போய், கரையோரமாகவே திரும்ப வர வேண்டியதாயிற்று. உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. யாரை என்று தெரியாமல் திட்டிக்கொண்டே போட்டாள். காற்றை, கயிற்றை, நேற்று தென்கரையிலிருந்து இரண்டாவது படகை எடுத்துப் போன முகம் தெரியாத மனிதர்களை.

தென்கரையில் காலிப் படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தாள். சட்டைப் பையில் பாதி சாக்லேட் இருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு பார்த்தபோது ஏரியில் ஒரு படகு வந்துகொண்டிருந்தது. இருவர் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு துடுப்பு போட்டார்கள். ஒரே சீராக, வேகமாக வந்தார்கள்.

இறங்கியவள் முப்பது வயதுக்காரி. தலையில் மஞ்சள் குல்லாய். கூட வந்தவனுக்கு அதே மூக்கு.

"அப்பாடா, நீ இன்னும் இங்கதான் இருக்கியா," என்றாள் மஞ்சள் குல்லாய்க்காரி. "நீ மாரிட்தானே? நான் இல்வா. இது என் தம்பி மோன்ஸ். நீ திரும்பிப் போவலேன்னா நாங்க மாட்டிக்கிட்டிருப்போம். அக்கரைய காலி பண்ணிட்டு வந்த பாவிங்கன்னு பேர் வந்திருக்கும்."

"அங்க நின்ன கடைசிப் படகையா எடுத்துட்டு வந்தீங்க?"

"உன் வீட்டுக்காரர்தான் எடுத்துட்டுப் போங்கன்னார். மாரிட் எப்படியும் ஒண்ணு திருப்பிக் கொண்டு வருவான்னார்."

மாரிட்டுக்கு அது உடனே விளங்கவில்லை. சாக்லேட்டை மென்று விழுங்கினாள்.

"எப்போ சொன்னார்?"

"நாங்க சூப் குடிச்சிட்டு இருந்தோம்," என்றான் மோன்ஸ். "அவர் ரெண்டு பையோட உள்ள வந்தார். நாங்க சாப்பிட்டதும் தெக்கே கிளம்பறோம்னு சொன்னோம். நீ அப்போ துறையில தண்ணி இறைச்சிட்டு இருந்த. ஜன்னல்ல தெரிஞ்சுது."

"அப்போ நான் கிளம்பவே இல்லையே."

"அதான் நானும் எழுந்தேன்," என்றாள் இல்வா. "நாங்க ஒரு படகுல தெக்கே வரப்போறோம், அங்க ஒண்ணு வந்துடும், இங்க ரெண்டு நிக்கும், கணக்கு சரியாயிடும், அவ எதுக்குப் போகணும், போய்ச் சொல்றேன்னு. அவர்தான், விடு, அவளுக்குத் துடுப்பு போடப் பிடிக்கும், கையில எடுத்தத முடிக்காம வரமாட்டான்னு சொல்லிக் காப்பி ஊத்த ஆரம்பிச்சார்." சட்டென்று நிறுத்தினாள். மாரிட்டின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டாள். "பிடிக்கும்தானே?"

"பிடிக்கும்," என்றாள் மாரிட்.

"நான்தான் சொன்னேனே, போய்ச் சொல்லிட்டு வான்னு," என்றான் மோன்ஸ்.

"நீ எங்கடா சொன்ன? நீ மூணாவது கிண்ணம் ஊத்திக்கிட்டு இருந்த."

"ரெண்டாவது."

இல்வா தன் பையைக் குடைந்து பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தாள். தவறு செய்தவள் போல அதை அவளே ஒட்டியும் விட்டாள். மோன்ஸ் மாரிட்டின் படகைத் தண்ணீரில் தள்ளிக் கொடுத்தான். போகும்போது இருவரும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

மாரிட் துடுப்பு போட்டாள். காலிப் படகு பின்னால் இல்லாததால் படகு லேசாகப் போனது. ஏரி நடுவுக்கு வந்ததும் துடுப்புகளை உள்ளே இழுத்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். காற்று படகை மெல்லத் திருப்பியது. திருப்பட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு குரல் போதும். ஜன்னலைத் திறந்து ஒரு குரல். அவள் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு மேலே போய்க் காலை நீட்டியிருப்பாள். துறையில் அவன் இருந்து அவள் ஜன்னலில் நின்றிருந்தால் ஓடியிருப்பாள். செருப்புகூடப் போடாமல் அந்தக் கல்லில் ஓடியிருப்பாள்.

கெட்ட எண்ணம் என்று ஒன்றைத் தேடிப் பார்த்தாள். கிடைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவனுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு போனவனும் அவன்தான், கையசைத்தவனும் அவன்தான். அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்க அவனால் முடிந்தது, அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போது அவனுக்குள் எதுவும் உறுத்தவில்லை. சேர்ந்து வாழ்ந்த முப்பத்திரண்டு வருடத்தில் உறுத்தாதபடி யார் செய்தது?

அவன் சொன்னது பொய்யும் அல்ல. துடுப்பு போட அவளுக்குப் பிடிக்கும். எடுத்ததை முடிக்காமல் விட மாட்டாள். அவளைத் தெரிந்துவைத்திருக்கிறான். ஒருவரைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, தெரிந்ததை வைத்து வேலை வாங்குவது வேறு என்று இல்வாவிடம் சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாதவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பிடிக்கும் என்று சொன்னாள். ஏப்ரலில் நல்லதாப் போச்சு என்று சொன்ன அதே வாய்.

பூடனில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்பாள். வலிக்குதா? லீவுக்கு எங்க போறீங்க? வாயைத் திறந்தபடி அவர்கள் ஏதோ முனகுவார்கள், அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வாள். வீட்டில் அந்த நாற்காலியில் தான் இருப்பதாக இப்போது தோன்றியது. என்ன முனகினாலும் அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொள்கிறான். தப்பு யாருடையது என்று யோசித்துப் பார்த்தாள். பாதி பாதி என்று வந்தது. அந்தப் பாதியும் எரிச்சலைத்தான் தந்தது. முழுக்க அவன்மேல் கோபப்படக்கூட விடவில்லை.

காற்று படகை நன்றாகவே கிழக்கே கொண்டுபோய்விட்டிருந்தது. திரும்பவும் துடுப்பை இறக்கினாள்.

வடகரையில் குடில் பொறுப்பாளர் சிக்ஸ்டன் கைகொடுத்துப் படகை மேலே இழுத்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடையில் ஆறு வாரம் இங்கே வந்து விறகும் தண்ணீரும் பார்த்துக்கொள்கிறார்.

"மூணு முடிஞ்சுதா? உன் ஆளு ஜன்னல்ல உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தான்."

"எண்ண வரும் அவருக்கு," என்றாள்.

சிக்ஸ்டன் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டு, "வெந்நீர் இருக்கு," என்றார்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய ஈரக் காலுறைகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. ஹோகன் தொங்கவிட்டிருந்தான். உலர்ந்த பனிமான் இறைச்சியைச் சீவிப் போட்டு மக்ரோனி செய்துவைத்திருந்தான். குடில் கடையில் வாங்கிய, அவளுக்குப் பிடித்த, குழாயிலிருந்து பிதுக்கும் பாலாடைக்கட்டியும் மேசையில் இருந்தது. வேறு யாரும் இல்லை.

"உக்காரு, உக்காரு. கப்பல் தலைவி வந்தாச்சு."

அவள் உட்கார்ந்தாள். தட்டு நிறையப் போட்டுத் தந்தான். சூடாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. நாலு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

"எதை?"

"அவங்க தெக்கே போறாங்கன்னு."

ஹோகன் உண்மையாகவே யோசித்தான். நெற்றி சுருங்கியது.

"ஓ, அதுவா. நீ தண்ணியெல்லாம் இறைச்சிட்ட. கயிறு கட்டிக்கிட்டு இருந்த. இனிமே போய் வேணாம்னு சொன்னா உனக்குக் கடுப்பாகும்னு நெனச்சேன்."

"கடுப்பாகுமா."

"ஆமா. இப்ப பாரு, அந்தப் பக்கம் ரெண்டு நிக்குது. நாளைக்கு வர்றவன் உன்னைக் கும்பிடுவான்." அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து முகத்தைப் பார்த்தான். அவள் மக்ரோனியை முள்ளில் குத்தினாள். "சரி, தப்புதான். கூப்பிட்டிருக்கலாம். கை வலிக்குதா?"

"வலிக்குது."

"களிம்பு இருக்கு, தர்றேன்." எழுந்து போய்க் களிம்போடு வரைபடத்தையும் கொண்டு வந்தான். களிம்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு வரைபடத்தை விரித்தான். அதில் பென்சிலால் நாலு கோடுகள் போட்டிருந்தான். அவள் ஏரியில் இருந்த நேரத்தில் போட்டிருக்க வேண்டும். அவள் ஒவ்வொன்றாக எழுதி ஒட்டியிருந்த ஏழு இரவுகளில் மூன்றின்மேல் அந்தக் கோடுகள் நிற்காமல் போயின. கணவாய்க்குக் கீழே இருக்கும் சின்னக் குடில், ஜனவரியிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்த இரவு, அதுவும் அந்த மூன்றில் ஒன்று.

"நாளைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். அப்புறம் இருபத்திநாலு. கடைசி ரெண்டு நாளும் அதே மாதிரிதான். சிக்ஸ்டன் கிட்ட அஞ்சு மணிக்கே கிளம்பறோம்னு சொல்லிட்டேன். முன்ன உன்னால முடியுமான்னு ஒரு சின்னச் சந்தேகம் இருந்துச்சு. இன்னைக்குப் பாத்தேனே, அந்தக் காத்துல, ரெண்டு படகோட. இருபத்திரண்டெல்லாம் உனக்கு ஒண்ணுமில்ல."

மாரிட் களிம்பைத் திறந்து உள்ளங்கையில் தடவினாள். பிளாஸ்திரியின் ஓரத்தில் எரிந்தது. இத்தனை நாள் தொண்டையில் தேடிய கோபம் இப்போது இல்லை. குரலை உயர்த்த வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அதற்கும் தேவை இருக்கவில்லை.

"முடியும்," என்றாள்.

"அதான் சொன்னேன்."

"முடியும். நான் வரல."

"வரலைன்னா?"

"நான் ஏழு நாள் நடக்கறேன். நீ நாலு நாள்ல போ. எவர்ட்டுக்கு ஆள் வேணும்."

ஹோகன் சிரிக்கலாமா என்று பார்த்தான். "தனியாவா? மாரிட், ஞாயித்துக்கிழமை மழைங்கறாங்க. கணவாய்ல காத்து எப்படியிருக்கும்னு தெரியுமா உனக்கு?"

"போய்ப் பாக்கறேன்."

"எம்மேல கோவத்துல சொல்ற. படகுக்காக."

"கோவம்தான். அதுக்காக மட்டும் இல்ல."

அவன் பென்சிலை எடுத்தான், வைத்தான். வரைபடத்தின் மடிப்பைக் கட்டைவிரலால் நீவினான். பிறகு, இதுவரை ஒன்றும் பேசாதது போன்ற குரலில் சொன்னான்: "காலையில எழுந்து பேசிக்கலாம். அலாரம் நாலரைக்கு வைக்கிறேன், ரெண்டு பேருக்கும். சரியா?"

"உனக்கு மட்டும் வை," என்றாள் மாரிட்.